நூறு வருஷத்துக்கு முந்திய சாவுக்கு இப்போது அழுவது நடிப்பா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 03-11-2024

அண்ணன் மகள் கல்லூரிச் சுற்றுலாவில் அமிர்தசரஸ் போனாள். ஜாலியன்வாலா பாக்கில் அந்தக் கிணற்றருகே நின்று ஓவென்று அழுதிருக்கிறாள். கூடப் போன பிள்ளைகள் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம், கோபாலபுரம் செக்போஸ்ட்டை ஒட்டிய ஊர். பஞ்சாபில் எங்களுக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. சொந்தப் பாட்டி செத்தபோது மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிய பிள்ளை இது. 1919இல் செத்தவர்களுக்கு இவளுக்கு என்ன அழுகை? உள்ளதைச் சொல்லுங்கள். நிஜமா, நாலு பேர் பார்க்க அழுததா?

04-11-2024, காலை

நடிப்பில்லை. ரயிலில் இருக்கிறேன், வாளையாறு தாண்டினால் டவர் போய்விடும், அதனால் சுருக்கமாக. பாட்டி சாவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். சாவு வீட்டில் யாருக்குக் காப்பி போகவில்லை, எந்த மாமா இன்னும் பஸ் ஏறவில்லை, பந்தல்காரனுக்கு யார் காசு கொடுப்பது என்று ஆயிரம் இருக்கும். சின்னப் பிள்ளைகளை ஒரு ஓரமாகப் போய் உட்காரச் சொல்வதும் நாம்தான். மிச்சம் ராத்திரி.

04-11-2024, இரவு

அந்தப் பெண் எங்கே நின்று அழுதாள் என்று பாருங்கள். உள்ளே நுழைகிற குறுகலான சந்தில் இல்லை. சுவரில் குண்டு பட்ட தழும்புகளைக் கட்டம் கட்டிக் காட்டியிருக்கிறார்களே, அங்கேயும் இல்லை. கிணற்றருகே.

1919 ஏப்ரல் 13, ஜெனரல் டயர், பத்து நிமிஷம், 1650 ரவுண்டு, அரசாங்கக் கணக்கில் 379 பேர், மற்றவர்கள் கணக்கில் அதைவிட எவ்வளவோ அதிகம். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். வகுப்பில் ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. கிணறு அப்படி இல்லை. குண்டுக்குப் பயந்து அதில் குதித்தார்கள், ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள் என்று கேட்டால் பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே ஒவ்வொரு தோட்டத்துக் கிணறும் எட்டிப் பார்த்தால் அடிவயிறு கூசும் ஆழம். சின்ன வயசில் எத்தனை தடவை 'கிட்டப் போகாதே' என்று கத்தியிருப்பீர்கள்? நீங்கள் ஊட்டி வளர்த்த பயம்தான் அமிர்தசரஸில் அழுதது.

2021இல் அந்த இடத்தைப் புதுப்பித்தார்கள். சந்தின் சுவரில் சிலைகள், ராத்திரியில் ஒளி ஒலிக் காட்சி. நிறையப் பேர் திட்டினார்கள். இத்தனை ஜோடனைக்குப் பிறகும் ஒரு பெண் கிணற்றைத் தேடிப் பிடித்து அழுதாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு இது நடந்த இடம் போத்தனூர். நான் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஏறி கோயமுத்தூரில் இறங்குகிறவள். போத்தனூரில் வண்டி சிக்னலுக்குக் காத்துக் கிடப்பதும் நாங்கள் திட்டுவதும் வாடிக்கை. ஒரு நாள் ஆபீசில் வேலை இல்லாத மத்தியானம் 1921 பற்றி எதையோ வாசித்துத் தொலைத்தேன். அன்று சாயங்காலம் திரும்பும்போது போத்தனூரில் வண்டி நின்றது. என்னால் உட்கார முடியவில்லை. மூச்சு மேலே ஏறவில்லை. எழுந்து கதவோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து சீட் அம்மா, 'ஏனுங்க அம்மிணி, மயக்கமா வருதுங்களா?' என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காரணம் சொல்லவில்லை. எப்போதோ செத்தவர்களால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருந்தால் நேராக வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போயிருப்பார்.

05-11-2024

'1921இல் என்ன?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் கோயமுத்தூர்க்காரர்கள். உங்கள் ஊர் ஸ்டேஷன்தான் சாமி.

மலபார்க் கலகம் அந்த ஆகஸ்டில் வெடித்தது. மாப்பிள்ளைகள் என்று சொல்லப்படும் மலபார் முஸ்லிம் குடியானவர்கள், ஜன்மிகளோடு (நிலச்சொந்தக்காரர்கள்) இருந்த பழைய நிலத்தகராறு, துருக்கி கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் இயக்கம், வெள்ளைக்காரன் மேல் ஆத்திரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ராணுவச் சட்டம் வந்தது. பிடித்தவர்களை வைக்க மலபாரில் இடம் போதவில்லை, ரயிலில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 19 சாயங்காலம் திரூரில் ஏறக்குறைய நூறு பேரை ஒரே சரக்குப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டி, சென்னை போகும் வண்டியில் கோத்துவிட்டார்கள். பெல்லாரி சிறைக்கு என்று பேச்சு. ஜன்னல் இல்லாத பெட்டி. காற்றுக்கென்று இருந்த கம்பிவலையையும் பெயின்டும் தூசியும் அடைத்திருந்தன.

ஷொர்ணூர், ஒலவக்கோடு (இப்போதைய பாலக்காடு ஜங்ஷன்), வாளையாறு, போத்தனூர். வழியில் நின்ற இடங்களில் உள்ளேயிருந்து கதறியிருக்கிறார்கள். யாரும் திறக்கவில்லை. போத்தனூரில்தான் திறந்தார்கள். செத்தவர்கள் அறுபதுக்கு மேல். 70 வரை சொல்கிறார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளைகள், சில இந்துக்களும் உண்டு.

உயிர் பிழைத்த ஒருவர் வெகுகாலம் கழித்துச் சொன்னது பதிவாகியிருக்கிறது. தாகத்தில் ஒருவர் வியர்வையை ஒருவர் நக்கினார்களாம். பெட்டிச் சுவரில் ஆணி கழன்றுபோன ஓட்டை ஒன்று இருந்தது. அதில் மாறி மாறி மூக்கை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். மாறி மாறி! அந்த இருட்டில், அந்த நெரிசலில், தன் மூக்கை எடுத்துவிட்டு அடுத்தவனுக்கு இடம் விட்டிருக்கிறான் ஒருவன். என்னைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனது அந்த ஒரு செய்திதான். எண்ணிக்கை முன்பே தெரியும். எண்ணிக்கைக்கு நான் எழுந்து நின்றதில்லை.

பிணங்களை அதே பெட்டியில் திரூருக்கே திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளைகளுக்குக் கோரங்கத்துப் பள்ளிவாசலிலும் கோட்டுப் பள்ளிவாசலிலும் அடக்கம். பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது, செத்தவர் குடும்பத்துக்கு 300 ரூபாய் என்று முடித்தார்கள்.

கோயமுத்தூர் ஜங்ஷனில் நடந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, போத்தனூர்தான். 1862இலேயே ரயில் வந்த ஸ்டேஷன், சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன பெரிய பாதை அது.

06-11-2024

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சாம்பியன் அம்மாதான். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறு. அம்மாவுக்கு அது போன வாரம். டிவியில் கட்டபொம்மன் கதை வந்தால் தூக்குமரம் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே முந்தானை நனைந்துவிடும். எட்டப்பன் வந்தால் ரிமோட்டைத் தூக்கி அடிக்காத குறை. அம்மா பிறந்த கொழிஞ்சாம்பாறைக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இதை யாராவது நடிப்பு என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். அடுத்த வேளை சோறு கிடையாது.

09-11-2024

நேற்று இந்த இழையைப் பற்றி மெமு ரயிலில் பேச்சு வந்தது. ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியில் எப்போதாவது வருவார், மருந்து வாங்கக் கோயமுத்தூர் போகிறவர். மலையாளி, ஆனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. போத்தனூர் விஷயம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் சொன்னது எனக்குத் தோன்றாத ஒன்று.

'மோளே, அந்தக் காலத்துல பெரிய ஸ்டேஷன் வந்தா ஆள் இறங்கி வண்டி நீளத்துக்கும் நடப்பான். ஒவ்வொரு அச்சா தொட்டுப் பார்ப்பான், சூடு ஏறியிருக்கான்னு. அச்சு எரிஞ்சா வண்டி கவுந்துடும். ஷொர்ணூர்ல ஒருத்தன் நடந்திருப்பான். ஒலவக்கோட்டுல ஒருத்தன் நடந்திருப்பான். அந்தப் பெட்டிக்குக் கீழ குனிஞ்சிருப்பான். அவன் காதுல விழாம இருக்குமா?'

சொல்லும்போது அவர் கை நடுங்கியது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் உள்ளே இருந்தவர்களுக்காக நடுங்கவில்லை, வெளியே விளக்கோடு நடந்தவனுக்காக. நாற்பது வருஷ சர்வீஸில் தானும் எத்தனை பெட்டியைக் கடந்து நடந்திருப்போம், மேலதிகாரி பூட்டிய பூட்டைத் திறந்திருப்போமா என்ற கணக்கு அவருக்கு ஓடுகிறது. எனக்கு ஆணி ஓட்டை, அவருக்கு அச்சு. வண்டி ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். கட்டபொம்மனுக்கு அழுகிறவர், இதற்கு அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: 'செத்தவங்களைத் திருப்பி அனுப்புனாங்க சரி. அவங்க ஊட்டுக்கெல்லாம் யாரு கண்ணு போயிச் சொன்னது?' எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'ஊருப்பட்ட ஊடு இருக்குமே' என்றார். அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடும்போது மறுபடி, 'கூட ஏத்துனவங்கள்ல எவனெவன் பொளச்சான்னு தெரியாம எல்லா அம்மாளும் ஸ்டேஷனுக்கு வந்திருப்பாளுக' என்றார்.

வெங்காயத்தால் வந்த கண்ணீர் எது, மற்றது எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

10-11-2024

ஒருவர் இன்பாக்ஸில் வந்து வறுத்தெடுத்திருக்கிறார். 'அவர்கள் கையால் செத்த இந்துக்களுக்கு உங்கள் மூச்சு முட்டவில்லையா? அதற்கெல்லாம் கதவோரம் போய் நிற்க மாட்டீர்களா?' கூடவே சில வசவுகள், அதை விடுங்கள்.

கேட்கும் விதம் மோசம். கேள்வி மோசமில்லை. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது எழுதினால் நானும் வசவில்தான் முடிப்பேன்.

11-11-2024

எழுதுகிறேன் என்றேனே.

அதே கலகத்தில் 1921 செப்டம்பர் கடைசியில், துவ்வூர் பக்கம் கலகக்காரர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துவந்து, விசாரணை என்று ஒன்று நடத்தி, வெட்டிக் கிணற்றில் போட்டார்கள். பெரும்பாலும் இந்துக்கள். பட்டாளத்துக்கு உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. இது தவிரக் கொலை, கொள்ளை, கட்டாய மதமாற்றம், வீடு வாசலை விட்டு ஓடிய குடும்பங்கள், எல்லாம் நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

இதை நான் முன்பே வாசித்திருக்கிறேன். வாசித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. 'ஆமாம், கலகத்தில் நடக்கும்' என்று பக்கத்தைத் திருப்பினேன். நேற்று அந்த ஆள் திட்டியபிறகு மறுபடி எடுத்து வாசித்தேன். அந்தக் காலத்திலேயே எழுதிய ஒரு பதிவில் ஒரு வரி: மூன்றாம் நாளும் கிணற்றுக்குள்ளிருந்து சிலர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

அவ்வளவுதான், போத்தனூரில் வந்த அதே மூச்சுமுட்டல் வந்துவிட்டது. இங்கே ரயிலும் இல்லை, நான் போகிற வழியும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள். யாரோ ஒருவர் அந்தப் பக்கமாகப் போயிருப்பார், கேட்டிருப்பார், பயந்து நடையை எட்டிப் போட்டிருப்பார். ரயில்வேக்காரர் சொன்ன அதே ஆள், வேறு ஊரில்.

அதனால் இன்பாக்ஸ்காரருக்கு என் பதில்: முட்டுகிறது. ஆனால் அந்த வரி என் கைக்கு வரவேண்டியிருந்தது. ஆணி ஓட்டைக் கதை எனக்குச் சின்ன வயசிலிருந்து காற்றில் வந்தது. கேரளப் பள்ளிக்கூடம், மேடைப் பேச்சு, நவம்பர் தோறும் பத்திரிகைக் கட்டுரை. கிணற்றுக் கதையை உங்களைப் போன்றவர்கள் கட்டியாகச் சொல்கிறீர்கள், ஆனால் கையில் கத்தியோடு சொல்கிறீர்கள், அதனால் நான் காது கொடுத்ததில்லை. பட்சபாதம் எங்கே நுழைகிறது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. அழுகிற நேரத்தில் இல்லை. அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, எந்தக் கதையை யார் எந்தக் குரலில் நமக்குச் சொன்னார்கள் என்பதில் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒன்று பதிலுக்கு நானும் கேட்கிறேன். ஆணி ஓட்டையைப் பற்றி நீங்கள் முழுசாக வாசித்ததுண்டா?

11-11-2024, இரவு

இன்பாக்ஸ்காரர் வாசித்ததில்லையாம். வாசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. சரி.

14-11-2024

தலைப்பை விட்டு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது யானை.

எங்கள் பாதையில் வாளையாற்றுக்கும் மதுக்கரைக்கும் நடுவே காடு. யானை தண்டவாளத்தைக் கடக்கும், வண்டி அடிக்கும். 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை பக்கம் மூன்று யானைகள் ஒரே நேரத்தில் செத்தன. மங்களூரிலிருந்து சென்னைக்குப் போன எக்ஸ்பிரஸ். மறுநாள் எங்கள் பெட்டியில் ஒரே அழுகை. போனில் படத்தைக் காட்டிக் காட்டி அழுதார்கள். சூடம் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நானும் அழுதேன். அதன்பிறகுதான் யானை போக அடிப்பாலம், இந்த வருஷம் மதுக்கரைப் பக்கம் கேமரா வைத்து யானை வந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு, எல்லாம் வந்தது. ரொம்ப நல்லது.

நேற்று இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். 1921 நவம்பர், 2021 நவம்பர். சரியாக நூறு வருஷம். அதே பாதை, சென்னை போகும் அதே திசை, அதுவும் ராத்திரி. 2021இல் எங்கள் பெட்டியில் நூறாவது வருஷம் என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எனக்கும் அந்த வாரம் நினைவு வரவில்லை, யானைதான் நிறைந்திருந்தது.

யானைக்கு அழுதது தப்பு என்று சொல்லவரவில்லை. யானைக்கு ஜாதி மதம் இல்லை, அதற்கு அழுதால் யாரும் இன்பாக்ஸில் வந்து திட்டமாட்டார்கள். அழச் சௌகரியமான சாவு. (இதற்கு மிருக ஆர்வலர்கள் வருவார்கள். வாருங்கள்.)

15-11-2024

வந்தார்கள்.

17-11-2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். 'அழுகிறவர்கள் அழட்டும், ஆனால் அதனால் ஒரு பைசா பிரயோஜனம் உண்டா? பார்க்காத ஒன்றுக்கு மனசு கலங்கிய ஒருத்தராவது கைக்காசை இழந்திருக்கிறாரா?'

இருக்கிறார். அதுவும் எங்கள் ஜில்லாக்காரர். சேற்றூர் சங்கரன் நாயர், ஒலவக்கோட்டுக்கு மேற்கே மங்கரைக்காரர். 1897இல் காங்கிரஸ் தலைவர், பிறகு சென்னை ஹைகோர்ட் நீதிபதி, பிறகு வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினர். அன்றைக்கு ஒரு இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நாற்காலிகளில் ஒன்று. பஞ்சாபில் நடந்ததைக் கேட்டு 1919 ஜூலையில் அதை விட்டு எழுந்து வந்துவிட்டார். குண்டு விழுந்த இடத்தில் அவர் இல்லை.

அதோடு நிற்கவில்லை. 1922இல் புத்தகம் ஒன்று எழுதினார். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓட்வையரை அதில் குற்றம் சொல்ல, அவர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1924இல் ஐந்து வாரம் நடந்தது. ஜூரி பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஓட்வையர் பக்கம். நாயர் பக்கம் நின்ற ஒரே ஆள் ஹரால்டு லாஸ்கி, லண்டனில் அரசியல் பாடம் நடத்தியவர். 500 பவுன் நஷ்டஈடு, வழக்குச் செலவு தனி. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார் ஓட்வையர். இவர் கேட்கவில்லை, கட்டினார். அந்தக் காலத்து 500 பவுன். போதுமா பிரயோஜனக் கணக்கு?

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். அதே புத்தகத்தில் மலபார்க் கலகமும் வருகிறது. மாப்பிள்ளைகள் செய்த கொடுமைகளை அடுக்கி, கிலாபத்தைக் கையிலெடுத்த காந்திதான் இதற்கு வழி வைத்தார் என்று கொதிக்கிறார். அது அவர் சொந்த மண், சொந்த ஜனம். பஞ்சாபுக்காக வேலையை விட்டவர், மலபாருக்காகக் காந்தியை விட்டவர். இன்று அவர் படத்தைப் போஸ்டரில் போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், ஆளுக்குப் பாதிப் புத்தகம் எடுத்துக்கொள்கிறார்கள். முழுசாக எடுத்துக்கொள்ள எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அவர் காந்தியைப் பற்றிச் சொல்வதில் பாதி எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இரண்டு கிணற்றையும் எட்டிப் பார்த்த மனுஷன் என்ற வகையில் என்னைவிட ஒரு படி மேல்.

அடுத்து ஒன்று. திரூரில் பூட்டிய அந்தப் பெட்டி மங்கரை ஸ்டேஷன் வழியாகத்தான் போயிற்று. பிணங்களோடு திரும்பியதும் அந்த வழியேதான்.

20-11-2024

இன்று அந்தப் பெட்டி போத்தனூர் வந்த தேதி. ஆளாளுக்கு மெசேஜ் போட்டுக் கேட்கிறீர்கள், போத்தனூர் வந்தபோது எப்படி இருந்தது என்று.

ஒன்றும் இல்லை. வண்டி இருபது நிமிஷம் லேட். மேனேஜருக்கு என்ன சொல்வது என்ற யோசனை. பக்கத்தில் ஒரு பையன் ஹெட்செட் இல்லாமல் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான், அவனோடு சண்டை. உக்கடம் பாலம் கண்ணில் பட்டபிறகுதான் போத்தனூர் போய்விட்டது என்றே உறைத்தது. கூப்பிட்ட தேதிக்கு வராது போலிருக்கிறது. வராத அன்றைக்கு வந்ததாக எழுதினால்தான் அது நடிப்பு.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. திரூர் ஸ்டேஷன் சுவரில் இந்தச் சம்பவத்தைப் படமாக வரைந்திருந்தார்கள். 2018 நவம்பரில் எதிர்ப்பு வந்தது, ரயில்வே அழித்துவிட்டது. 2021இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் போட்ட ஒரு குழு, மலபார்க் கலகத்தைச் சேர்ந்த 387 பெயர்களைத் தியாகிகள் அகராதியிலிருந்து எடுக்கச் சொன்னது. கலகத் தலைவர்களும் அதில் சேர்த்தி. அவர்களில் அலி முஸ்லியாரைத் தூக்கில் போட்டது நம் கோயமுத்தூர் ஜெயிலில்தான், 1922 பிப்ரவரியில். கலகத் தலைவரைத் தியாகி என்பதா வேண்டாமா என்று சண்டை போடலாம், அதில் விஷயம் இருக்கிறது. மூச்சுமுட்டிச் செத்த கைதியின் படத்தில் என்ன சண்டை? பூட்டிய பெட்டிக்குள் வைக்கும்போது அவன் சர்க்கார் பொறுப்பு. அவன் வெளியே என்ன செய்தான் என்பதற்குக் கோர்ட் இருக்கிறது.

அழித்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது: தினம் ரயிலுக்குக் காத்திருக்கிறவன் கண்ணில் அது படும், பட்டுப் பட்டு ஒரு நாள் உள்ளே இறங்கும். என்னைப் போன்றவளை உண்டாக்குவது அந்த மாதிரிச் சுவர்தான். துவ்வூர்க் கிணற்றுக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். இதையும் இருக்கட்டும் என்று அவரும் போடவேண்டும், அதுதான் பேரம்.

22-11-2024

கேள்வி கேட்டவரின் அண்ணன் மகளே இந்த இழையைப் படித்துவிட்டாளாம். சித்தப்பாவோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை. நியாயம். வீடியோ எடுத்தது அவளைக் கேட்காமல் என்றும், பாட்டி செத்த அன்று போனில் நோண்டியது பாட்டியின் பழைய வாய்ஸ் மெசேஜ்களை என்றும் சொல்லச் சொன்னாளாம். சித்தப்பா இதை இங்கே தட்டச்சுச் செய்து போட்டதற்கு அவருக்கு ஒரு மார்க்.

அவள் திரூர் போகவேண்டுமாம், வழி கேட்கிறாள். கோபாலபுரத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ். ஜங்ஷனில் கோழிக்கோடு பக்கம் போகும் வண்டி எதுவானாலும் திரூர் வரும், அநேகமாக எல்லாம் நிற்கும். மங்கரையில் இறங்கிப் பார்க்க ஆசை இருந்தால் பாசஞ்சர்தான், எக்ஸ்பிரஸ் நிற்காது. திரூரில் முனிசிபல் டவுன் ஹாலுக்கு அந்தச் சம்பவத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள், ஆட்டோக்காரரிடம் 'வேகன் டிராஜடி ஹால்' என்றால் போதும். கோரங்கத்துப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும். யாராவது பெரியவரிடம் கேட்டுக்கொண்டு போகட்டும். சித்தப்பாவைக் கூட்டிப் போகட்டும், டிக்கெட் செலவு அவருடையது.